உதிர்த்து உருட்டிய இனிப்பு

ஸ்டாக்ஹோமில் ஒரு காபிக் கடைக்குள் போய் 'ஒரு வாக்குவம் கிளீனர் கொடுங்கள்' என்று கேட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். கண்ணாடி அலமாரியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு பச்சை உருளையை எடுத்துத் தட்டில் வைப்பார்கள். மேலே பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்த மார்சிபான் உறை. இரண்டு முனைகளும் சாக்லேட்டில் தோய்த்திருக்கும். கடித்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஈரமான பூரணம், கூடவே மூக்கில் ஏறும் மது வாசனை. கடைப் பலகையில் அதன் பெயர் 'புன்ஷ்ருல்லே'. ஊர் வாயில் அது 'டம்சுகாரே', அதாவது தூசு உறிஞ்சி.

அந்தப் பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். அந்தக் காலத்துத் தூசு உறிஞ்சிகள் படுக்கைவாட்டில் நீண்ட உருளையாக இருந்தன, எலக்ட்ரோலக்ஸ் 1921இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்த வடிவம்தான், இந்த இனிப்பும் அப்படியே இருக்கிறது என்பது ஒன்று. இன்னொன்றுதான் சுவையானது. பேக்கரி மேசையில் சாயங்காலம் மிஞ்சிக் கிடக்கும் தூளையெல்லாம் உறிஞ்சியெடுத்து உருட்டியதால் அந்தப் பெயராம். பெயர் எப்படிப் பிறந்திருந்தாலும், பூரணத்தைப் பற்றி அது சொல்லும் சேதி பொய்யல்ல. பழைய வழக்கப்படி உள்ளே இருப்பது விற்காமல் போன கேக்கும், வெட்டிக் கழித்த ஓரங்களும், உடைந்த பிஸ்கட்டும்தான்.

கிறிஸ்துமஸ் காலத்தில் குச்சியில் செருகி, பனிமனிதனாகவும் கலைமானாகவும் அலங்கரித்து விற்கும் கேக் பாப் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. பிறந்து இன்னும் இருபது வருஷம் ஆகவில்லை. அதன் மூத்தவர்களோ ஐரோப்பாவின் பேக்கரிகளில் நூறு, நூற்றைம்பது வருஷமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர். பெரும்பாலும் கேலிப் பெயர்.

பேக்கரிக்குள் தூள் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சுட்ட கேக்கின் தலை மேடாக எழும்பியிருக்கும். அடுக்கி ஐசிங் போட வேண்டுமென்றால் அந்த மேட்டைச் சீவித் தட்டையாக்க வேண்டும். பெரிய டிரேயில் சுட்டதைச் சதுரமாக வெட்டினால் நான்கு பக்கமும் ஓரம் கழியும். இதயம், நட்சத்திரம் என்று வடிவமாக வெட்டினால் கழிவு இன்னும் கூடும். இவை அன்றாடக் கணக்கில் வருபவை. கணக்கில் வராதவையும் உண்டு. பாதி வேகும்போது அடுப்பின் கதவைத் திறந்ததால் நடுவில் குழி விழுந்தது, அச்சில் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிய்ந்தது, சோடா மாவு கூடிப்போய்ப் பொங்கி அமுங்கியது. முட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் போட்ட பண்டத்தைக் குப்பையில் கொட்ட எந்த மாஸ்டருக்கும் மனசு வராது.

இவற்றோடு நேற்றைய கேக்கும் சேர்ந்துகொள்ளும். கேக் பழசானால் காய்ந்துவிட்டது என்கிறோம். ஆனால் ரொட்டி பழசாவது வெறும் ஈரம் போவதால் அல்ல என்று 1852இலேயே பிரெஞ்சு வேதியியலர் பூசிங்கோ காட்டிவிட்டார். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடி வைத்த ரொட்டியும் பழசாகி விறைத்தது. அதையே மறுபடி சூடாக்கினால் மென்மை திரும்பியது. வேகும்போது குழைந்து விரிந்த மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்லப் பழையபடி இறுகிக்கொள்கிறது. அதுதான் காரணம். கேக்கில் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் இருப்பதால் அங்கே இது மெதுவாக நடக்கிறது. பழசான கேக் கெட்டுப்போன கேக் அல்ல, இறுகிய கேக். உதிர்த்துவிட்டு, வெண்ணெயோ ஜாமோ பாகோ விட்டுப் பிசைந்தால் இறுகியது மறுபடி இளகும்.

ஆனால் வாசனை திரும்பாது. புதுக் கேக்கின் வெண்ணெய் மணம் ஒரு நாள் விருந்தாளி. அதனால்தான் இந்தக் குடும்பத்துப் பண்டங்கள் எல்லாமே மூன்று காரியங்களைத் தவறாமல் செய்கின்றன. ஒட்டுவதற்கு ஏதாவது கொழுப்பு அல்லது ஜாம், போன மணத்தை ஈடுகட்ட ஒரு பலமான வாசனை, பழுப்பு நிறத்தை மறைத்து ஈரத்தையும் காக்க ஒரு உறை. கொழுப்பும் உறையும் உள்ளூரில் கிடைத்துவிடும். வாசனைதான் கப்பலேறி வந்தது.

சுவீடன் உருளையின் வாசனை அராக்கினுடையது. கரும்புக் கசண்டையும், சிவப்பரிசியைப் புளிக்க வைத்ததையும் சேர்த்து ஜாவாத் தீவில் வடித்த சாராயம் அது. 1731இல் கோத்தன்பர்க் துறைமுகத்தில் சுவீடன் கிழக்கிந்திய கம்பெனி தொடங்கப்பட்டது. சீனாவின் கான்டனுக்குப் போன முதல் கப்பல் 1733இல் திரும்பியபோது தேயிலை, பட்டு, பீங்கானோடு அராக்கும் வந்து இறங்கியது. சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் கலந்து அதைக் குடித்தார்கள். அந்தப் பானம் 'புன்ஷ்'. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் பழகிக்கொண்ட 'பஞ்ச்' என்ற கலவைதான் இது. ஐந்து பொருள் சேர்வதால் 'பஞ்ச' என்ற நம்மூர்ச் சொல்லே பெயரானது என்பார்கள். ஒப்புக்கொள்ளாத அகராதிக்காரர்களும் உண்டு.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக் கரை ஒன்று குறுக்கே வருகிறது. கான்டனோடு நிற்காமல் இந்தியாவிலும் கால் ஊன்றலாமென்று அந்தக் கம்பெனியின் இரண்டாவது கப்பல் 1733இல் சோழமண்டலக் கரைக்கு வந்தது. வந்து இறங்கிய இடம் பரங்கிப்பேட்டை. அங்கே ஒரு பண்டகசாலை போட்டார்கள். சென்னையிலிருந்த ஆங்கிலேயருக்கும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரருக்கும் பொறுக்கவில்லை. மற்ற நேரத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஆளனுப்பி, பண்டகசாலையைப் பிடித்துச் சரக்கை அள்ளிக்கொண்டார்கள். சூடுபட்ட சுவீடன் கம்பெனி அதற்குப் பிறகு இந்தியாவைப் பெரிதாக நாடாமல் சீன வியாபாரத்தையே பிடித்துக்கொண்டது. சீனா போய்வரும் வழியில் ஜாவா, ஜாவாவில் அராக்கு. நாடு முழுவதும் அந்த வாசனை பரவியது. 19ஆம் நூற்றாண்டில் புன்ஷைச் சர்க்கரையோடு கலந்து புட்டியிலேயே அடைத்து விற்கத் தொடங்கியபின், பேக்கரிக்காரர் கைக்கும் அது சுலபமாக வந்து சேர்ந்தது. நேற்றைய கேக்கில் ஒரு கரண்டி ஊற்றினால் போதும்.

பக்கத்து நாடான பின்லாந்தில் இதே வாசனை ஒரு கவிஞரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யூஹான் லுட்விக் ரூனெபர்க், 1804 பிப்ரவரி 5 அன்று பிறந்தவர். அவர் சுவீடிஷ் மொழியில் எழுதிய ஒரு கவிதைதான் பின்லாந்தின் தேசிய கீதமானது. போர்வூ என்ற சிறிய ஊரில் ஆசிரியராக இருந்தார். இனிப்பில்லாமல் அவருக்கு நாள் விடியாது. அவருடைய மனைவி பிரெட்ரிகாவும் எழுத்தாளர். பின்லாந்தின் முதல் வரலாற்று நாவலாசிரியர்களில் ஒருவர். ஆனால் ஊர் அவரை அதிகம் நினைப்பது ஒரு பலகாரத்தால். வீட்டில் கிடந்த ரொட்டித் தூளையும் பிஸ்கட் தூளையும் பாதாம் பொடியோடு சேர்த்துச் சுட்டு, புன்ஷில் ஊறவைத்து, தலையில் கொஞ்சம் ராஸ்பெர்ரி ஜாமும் அதைச் சுற்றி வெள்ளைச் சர்க்கரை வளையமும் வைத்தார் என்பது கதை. 1850களைச் சேர்ந்த அவருடைய கையெழுத்துக் குறிப்பேட்டில் செய்முறை இருக்கிறது. போர்வூவில் அஸ்டேனியுஸ் என்ற மிட்டாய்க்காரர் அதற்கு முன்பே, 1840களில், இதைச் செய்து விற்றார் என்றும் சொல்கிறார்கள். கடையில் பார்த்ததை வீட்டில் செய்து பார்த்திருக்கலாம். எந்த ஊர் இல்லத்தரசிதான் அதைச் செய்யாதவர்?

ரூனெபர்க் கேக்கில் தூளாகப் போவது பெரும்பாலும் இஞ்சி பிஸ்கட். கிறிஸ்துமஸுக்காக இலவங்கமும் பட்டையும் இஞ்சியும் போட்டு ஒவ்வொரு வீட்டிலும் டப்பா டப்பாவாகச் சுட்டு வைப்பார்கள். பண்டிகை முடிந்து, மரத்தை இறக்கி, பனி இன்னும் விலகாத ஜனவரியில் டப்பாவின் அடியில் கால் உடைந்த மான்களும் தலை போன மனிதர்களுமாகப் பிஸ்கட் கிடக்கும். கவிஞரின் பிறந்தநாள் பிப்ரவரி 5. நாள்காட்டி இவ்வளவு ஒத்தாசையாக அமைவது அபூர்வம். 1863இல் பக்கவாதம் வந்து ரூனெபர்க் கடைசிப் பதின்மூன்று வருஷம் படுக்கையிலேயே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே வரும் பறவைகளைப் படுத்தபடியே பார்க்கக் கண்ணாடி ஒன்றைத் தோதாக மாட்டி வைத்திருந்தார்கள். அந்த வீடு 1882 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. இலக்கியத்தில் ஆர்வமில்லாதவர்களும் பிப்ரவரி 5 அன்று அவர் பெயரைச் சொல்லிக் கடையில் வரிசையில் நிற்கிறார்கள்.

டென்மார்க் பேக்கரிகளில் இந்தச் சொந்தத்துக்கு 'ரொம்குகலே' என்று பெயர். ரம் உருண்டை. நேற்றைய வெண்ணெய்ப் பன்னையும் கேக்கையும் கொக்கோ, ஜாம், ரம் வாசனை சேர்த்துப் பிசைந்து, டென்னிஸ் பந்தை நெருங்கும் அளவுக்குக்கூட உருட்டுவார்கள். மேலே சாக்லேட் துருவல். அதே கலவையை நீளமாக உருட்டி மார்சிபானில் சுற்றினால் அது 'மரக்கட்டை'. டிரேயில் பரப்பி மேலே ஐசிங் ஊற்றி வெட்டினால் 'மாணவர் ரொட்டி'. கையில் காசில்லாத மாணவர்கள் வாங்குவது என்ற பொருளில். ஒரே பூரணம், மூன்று வேஷம்.

ரம்மின் வழி அராக்கின் வழியைவிட இருண்டது. கரீபியன் கடலில் செயின்ட் குரோய், செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் என்ற மூன்று தீவுகள் டென்மார்க் வசம் இருந்தன. செயின்ட் குரோயின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு விடுதலை கிடைத்தது 1848இல். சர்க்கரை காய்ச்சிய பின் மிஞ்சிய கசண்டிலிருந்து ரம் வடித்தார்கள். அந்த ரம், அப்போது டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்த பிளென்ஸ்பர்க் நகரத்துக்கு வந்து, அங்கே கலந்து விற்கப்பட்டது. 1864 போரில் அந்த நகரம் கை மாறியது. இன்று அது ஜெர்மனியில் இருந்தாலும் 'ரம் நகரம்' என்றே பெயர். தீவுகளை 1917இல் அமெரிக்காவுக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஆக, ரம் என்பதே சர்க்கரை ஆலையின் மிச்சம். மிச்சத்தில் வடித்ததை மிச்சமான கேக்கில் ஊற்றினார்கள். இப்போது பெரும்பாலான கடைகளில் ஊற்றுவது ரம் எசென்ஸ்தான்.

கரும்புத் தோட்டமே இல்லாத நாடு என்ன செய்யும்? ஆஸ்திரியா செய்த காரியம் வேடிக்கையானது. வெப்பமண்டலத்தில் ஒரு தீவும் கைவசமில்லாத அந்தப் பேரரசில், உள்ளூர்ச் சாராயத்தில் வாசனைச் சத்துகளையும் நிறத்தையும் சேர்த்து 'உள்நாட்டு ரம்' என்று ஒன்றைத் தயாரித்தார்கள். 1832இல் செபாஸ்டியன் ஸ்ட்ரோ தொடங்கிய நிறுவனத்தின் ரம் இன்றும் கடைகளில் இருக்கிறது. அதில் ஒரு வகையில் ஆல்கஹால் 80 சதவீதம். வியன்னாவின் புகழ்பெற்ற 'புன்ஷ்கிராப்பன்' இந்த வாசனையில் பிறந்தது. இரண்டு மெல்லிய கேக் தகடுகளுக்கு நடுவே, கேக் தூள், சாக்லேட், ஆப்ரிகாட் ஜாம், ரம் சேர்ந்த பூரணம். சதுரக் கட்டிகளாக வெட்டி, மேலே பளீரென்ற இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. தொலைவிலிருந்து பார்த்தால் பொம்மைக் கடைச் சோப்புபோல இருக்கும்.

இந்தப் பண்டத்தை வைத்து ஆஸ்திரியர்கள் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். ஆஸ்திரியன் புன்ஷ்கிராப்பன் மாதிரி. வெளியே சிவப்பு, உள்ளே பழுப்பு, எப்போதும் லேசான போதை. சிவப்பு சோஷலிஸ்ட் கட்சியின் நிறம் என்பதும், பழுப்பு நாஜிகளின் சட்டை நிறம் என்பதும் தெரிந்தால்தான் அந்தக் கேலியின் காரம் நாக்கில் படும். மிச்சத்தை மறைக்கும் பூச்சுக்கு அரசியலிலும் வேலை இருக்கிறது என்பதை ஒரு பேக்கரிப் பண்டத்தை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

ஜெர்மனியில் இதன் பங்காளிக்கு 'கிரனாட்ஸ்பிளிட்டர்' என்று பெயர், வெடிகுண்டுச் சில்லு. கேக் மிச்சத்தைக் கிரீமில் குழைத்துக் கூம்பாகக் குவித்துச் சாக்லேட் ஊற்றியது.

எல்லா ஊரிலும் மதுவும் மார்சிபானும் போட வசதி இருந்துவிடவில்லை. டப்ளினில் ஏழைப் பிள்ளைகள் தின்றது 'கர் கேக்'. பழைய ரொட்டி, பழைய கேக், கொஞ்சம் உலர்திராட்சை, மசாலாப் பொடி எல்லாவற்றையும் கறுப்பாகப் பிசைந்து, இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே அழுத்திச் சுட்டு, மேலே சர்க்கரை தூவிச் சதுரமாக வெட்டியது. கனமானது, ஒன்று தின்றால் மத்தியானம் வரை பசிக்காது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத் தெருவில் திரிவதை அந்த ஊர்ப் பேச்சில் 'கர்' போவது என்பார்கள். மட்டம் போட்ட பையன் கையிலிருக்கும் சில்லறைக்கு இதுதான் கிடைக்கும், அதனால் கேக்குக்கு அந்தப் பெயர் என்பது டப்ளின்காரர் சொல்லும் கணக்கு. அயர்லாந்தின் தெற்கே கார்க் நகரத்தில் இதே பண்டத்தின் பெயரில் கழுதையைச் சேர்த்துவிட்டார்கள்.

சோவியத் நாட்டில் கேலி கொஞ்சம் மென்மையானது. அங்கே 'கர்தோஷ்கா', உருளைக்கிழங்கு. ஸ்பாஞ்சு கேக்கின் வெட்டுத் துண்டுகளை உதிர்த்து, வெண்ணெய்க் கிரீமில் பிசைந்து, கிழங்கு வடிவில் பிடித்து, மண் ஒட்டியதுபோலக் கொக்கோப் பொடியில் புரட்டுவார்கள். பிறகு மேலே இரண்டு மூன்று வெள்ளைக் கிரீம் புள்ளி: முளைவிட்ட கிழங்கு! அரசுச் சாப்பாட்டுக் கூடங்களிலும் மிட்டாய்க் கடைகளிலும் ஒரே அளவில் இது கிடைத்தது. கேக் மிஞ்சாத வீடுகளில் வெனிலா ரஸ்க்கைப் பொடித்து, டப்பாப் பாலை ஊற்றிப் பிசைந்தார்கள். மிச்சமே இல்லாத இடத்தில் மிச்சத்தின் பலகாரத்தைச் செய்ய மிச்சத்தை உண்டாக்கும் வழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது. பின்னால் அமெரிக்காவில் நடந்ததற்கு இது ஒரு முன்னோட்டம்.

இங்கிலாந்தின் வீடுகள் உருட்டுவதைவிட ஊற வைப்பதை விரும்பின. 1861இல் புத்தகமாக வந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூலில் 'டிப்ஸி கேக்' இருக்கிறது. கேக் மூன்று நான்கு நாள் பழசாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார் அந்த அம்மாள். அதன் மேல் இனிப்பு ஒயினும் பிராந்தியும் ஊற்றி, முழுதும் ஊறிய பிறகு வெளியே பாதாம் துண்டுகளை முள்ளாகக் குத்தி, சுற்றிலும் கஸ்டர்ட் விட வேண்டும். புதுக் கேக் கரைந்து கூழாகிவிடும், பழைய கேக்தான் மதுவைக் குடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். பழசு என்பது இங்கே குறையில்லை, தகுதி. இந்த டிப்ஸி, கப்பலேறி இந்தியாவுக்கு வந்து 'டிப்ஸி புட்டிங்' ஆனது. ஆங்கிலேயர் போய் எவ்வளவோ காலமாகியும் ராணுவ அதிகாரிகளின் மெஸ்களிலும் பழைய கிளப்புகளிலும் அது இன்னும் பரிமாறப்படுகிறது. ரம் உருண்டையும் இந்தியாவுக்கு வந்தது. கொல்கத்தாவின் பார்க் தெருவில் 1927இல் ஒரு சுவிஸ் தம்பதி தொடங்கிய ஃப்ளூரிஸ், 1902இல் தொடங்கி இன்று நியூ மார்க்கெட்டில் இருக்கும் நஹூம்ஸ் என்ற யூதர் பேக்கரி, இரண்டிலும் ரம் பால் கேட்டு வாங்குவது அந்த ஊர்க்காரர்களுக்கு வழக்கம்.

தமிழ்நாட்டு பேக்கரியில் மது வாசனைக்கு வழியில்லை. மறைக்க வேண்டுமென்ற கூச்சமும் இல்லை. கேக் வெட்டும்போது உதிர்ந்ததையும் உடைந்ததையும் பாலிதீன் பையில் கட்டி 'கேக் தூள்' என்றே விற்றார்கள். ஒரே பையில் வெனிலா மஞ்சள், சாக்லேட் பழுப்பு, நடுவே ஒட்டிய ஐசிங்கின் ரோஸ் நிறம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு முழுக் கேக்கின் விலை எட்டாது, தூள் எட்டும். டப்ளின் பையனின் கணக்கும் சின்னமனூர்ப் பையனின் கணக்கும் ஒன்றுதான். ஐரோப்பாவில் உருட்டிப் பிடித்துச் சட்டை மாட்டி விட்டதை, இங்கே உதிரியாகவே விற்றார்கள். ஒரு வகையில் இது நேர்மையான வியாபாரம்.

இனி அந்தக் குச்சி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி 'பேக்கரெல்லா' என்ற பெயரில் இணையத்தில் இனிப்புச் செய்முறைகளை எழுதி வந்தார். 2008இல் ரெட் வெல்வெட் கேக்கை உதிர்த்து, கிரீம் சீஸ் பூச்சோடு பிசைந்து, உருட்டிச் சாக்லேட்டில் தோய்த்த உருண்டைகளைக் காட்டினார். கேக் உருண்டை அதற்கு முன்பே அந்தப் பக்கத்து வீடுகளில் இருந்ததுதான். அதில் லாலிபாப் குச்சியைச் செருகி, குட்டிக் கப்கேக் வடிவம் கொடுத்தது அவருடைய கைவண்ணம். அதே வருஷம் மார்த்தா ஸ்டூவர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செய்து காட்டினார். 2010இல் வந்த அவருடைய 'கேக் பாப்ஸ்' புத்தகம் விற்றுத் தள்ளியது. 2011இல், தன் நாற்பதாவது ஆண்டில், ஸ்டார்பக்ஸ் தன் கடைகளில் கேக் பாப் வைத்தது. மூன்றே வருஷத்தில் ஒரு வீட்டுப் பலகாரம் சங்கிலிக் கடைச் சரக்காகிவிட்டது.

இதில் நடந்த தலைகீழ் மாற்றத்தை அந்த வேகத்தில் பலர் கவனிக்கவில்லை. பேக்கரெல்லாவின் செய்முறையில் மிச்சக் கேக் இல்லை. ஒரு பெட்டி ரெடிமேட் கேக் கலவை வாங்கு, சுடு, ஆறவிடு, பிறகு நன்றாக இருக்கும் அந்தக் கேக்கை உதிர்த்துத் தூளாக்கு, ஒரு டப்பா ஐசிங் கலந்து பிசை. ஐம்பது உருண்டைக்குப் பக்கமாக வரும். நூற்றைம்பது வருஷம் மிச்சத்துக்கு வேஷம் கட்டிய பேக்கரிக்காரர்கள் இதைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதோடு நிற்கவில்லை. சில காலத்தில் வாஃபிள் இயந்திரம்போல ஒன்று சந்தைக்கு வந்தது. மூடியிலும் அடியிலும் அரைக்கோளக் குழிகள். மாவை ஊற்றினால் சில நிமிஷத்தில் உருண்டையாகவே கேக் வெந்து வரும். உதிர்க்கவும் வேண்டாம், பிசையவும் வேண்டாம். அதைத் தின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் உருண்டைக் கேக். பிசைந்த பூரணத்தின் பிசுபிசுப்பு அதில் இல்லை.

அந்தப் பிசுபிசுப்புக்கு ஒரு பதம் உண்டு. கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். ஐசிங் கூடினால் உருண்டை குச்சியிலிருந்து வழுக்கி விழும், தின்றால் வெண்ணெய்ச் சேறு. குறைந்தால் வெடிக்கும். ரவா லாடு பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கையில் அழுத்தினால் நிற்க வேண்டும், விரல் வைத்தால் உதிர வேண்டும். குச்சியின் முனையை முதலில் உருக்கிய சாக்லேட்டில் தொட்டுப் பிறகு செருகினால் அது பசைபோலப் பிடித்துக்கொள்ளும். உருண்டையைக் கல்லாக உறையவைத்துச் சாக்லேட்டில் முக்கினால், உள்ளே குளிர் விட்டு விரியும்போது மேலோடு கீறல் விடும். அந்தக் கீறல் வழியே எண்ணெய் முத்து முத்தாகக் கசியும். கொஞ்சம் குளிர்ந்திருந்தால் போதும். சொதப்பிய கேக்கைக் காப்பாற்றும்போது ஒரு எல்லையும் இருக்கிறது. குழி விழுந்தது, பிய்ந்தது, வறண்டது எல்லாம் உருண்டையாகும். நடுவில் வேகாமல் பச்சை மாவாக இருப்பதும், அடி தீய்ந்து கசப்பதும் எந்த உறைக்குள் போட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சத்தை விட்டு விலகிப்போன கேக் பாப்பை மறுபடி மிச்சத்திடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் இவர்கள் பெருகிவிட்டார்கள். பிறந்தநாள் கேக் ஒவ்வொன்றுக்கும் தலை சீவ வேண்டியிருக்கிறது. சீவியதை அன்றன்றைக்கு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறார்கள். சாக்லேட் ஒரு டப்பா, வெனிலா ஒரு டப்பா. முட்டை போட்டது, போடாதது தனித்தனி. டிசம்பர் நடுவில் ஆர்டர் குவியும்போது டப்பாக்கள் வெளியே வரும். இரவு பத்து மணிக்குமேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையல் மேடையில் கண்டென்ஸ்டு மில்க் விட்டுப் பிசைந்து உருட்டல் நடக்கும். தெர்மோகோல் பலகையில் குத்தி நிறுத்திய குச்சிகளில் வரிசையாகச் சாக்லேட் காயும். கறுப்பு உருண்டைக்கு இரண்டு கொம்பும் சிவப்பு மூக்கும் வைத்தால் கலைமான். வெள்ளைக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூக்கு வைத்தால் பனிமனிதன், பனியே பார்த்திராத ஊரில்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் போகும். சுவீடன்காரர் தூசு உறிஞ்சி என்றும், ரஷ்யர் உருளைக்கிழங்கு என்றும் பெயர் வைத்த பண்டம் அதில் 'கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் கேக் பாப், ஆறு கொண்ட பெட்டி' என்று இருக்கும்.